மாமா கூப்பிடுது

1

மஸ்கட்டுக்கு வீட்டுவேலைக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்த வாரத்தில், நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. இங்கே தங்கி வேலை செய்ய ஓர் அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போது அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கச் சொல்வார்கள். இந்த முறை கண்ணாடித் தகட்டில் எத்தனை தடவை விரலை அழுத்தினாலும் இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. ப்ளீச்சும் பாத்திரச் சோப்பும் ரேகையைத் தின்றுவிட்டன. கௌண்டரில் இருந்தவர் என் முகத்தையும் பழைய போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். இது நீயா, உன் தங்கையா என்று கேட்டார். போட்டோவில் இருப்பவள் இளையவள், அதனால் தங்கை.

அதற்கு மேல் பெயர்க் குழப்பம் வேறு. அட்டையில் என் பெயர் ஏழுமலை. பாஸ்போர்ட் பாரத்தை நிரப்பிய ஏஜென்ட், அப்பா பெயர் எங்கே, என் பெயர் எங்கே என்று தெரியாமல் அப்பாவை முன்னால் தள்ளிவிட்டான். தனலட்சுமி என்கிற என்னைப் பதினோரு வருஷமாக எல்லா அலுவலகத்திலும் ஏழுமலை என்றுதான் கூப்பிடுகிறார்கள். செத்துப்போன எங்கப்பா ஓமான் நாட்டில் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்.

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் குறை சொல்லவேண்டாம். யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பேன். சமையலறைக் கூரையில் இருக்கும் சின்னக் கேமராவுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவேன். சிந்தாதிரிப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன், தமிழில் எப்போதும் நல்ல மார்க். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கைரேகை ஒரு வழியாக இடது கட்டைவிரலில் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து போனைப் பார்த்தால், சென்னையிலிருந்து மகள் நந்தினி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அவளுக்குப் பதினெட்டு வயது. அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம் படிக்கிறாள்.

"அம்மா, உன்ன ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. யாரு அந்த மாமா? எங்கப்பாவ நீ மாமான்னுதான் கூப்புடுவ. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

காலையில் அரசாங்கம் கேட்டதற்கு நான் கோபப்படவில்லை. மகள் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது.

2

அந்தச் சொல் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

என் புருஷன் முனுசாமி சிந்தாதிரிப்பேட்டையில் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டினார். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டவனை மாமா என்று கூப்பிடுவது வழக்கம். "இன்னா மாமா, வண்டி எடுக்கலியா" என்று நான் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். மஞ்சள்காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டார். நந்தினிக்கு அப்போது ஏழு வயது. அவருடைய தங்கை புஷ்பா, புருஷனோடு ஒத்துவராமல் எங்களோடுதான் இருந்தாள். "நா புள்ளைய பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா. ரெண்டு வருசந்தானே" என்றாள். அந்த இரண்டு வருஷம்தான் பதினொன்று ஆகிவிட்டது.

மஸ்கட்டில் இறங்கிய முதல் நாள், வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று என்னைப் பார்த்து, "தாலி! தாலி!" என்று கத்தினார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலியைக் கழற்றி நாலு மாதம்கூட ஆகவில்லை. விதவை என்று தெரிந்து வேலைக்கு எடுத்துவிட்டு, இப்போது எங்கே தாலி என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? அழுகை வந்துவிட்டது. அவர் இன்னும் சத்தமாகத் தாலி, தாலி என்றார்.

அங்கே எனக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவர் பிரேமா அக்கா. கண்டிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அவர்தான் ஓடிவந்து என்னை மேலே தள்ளிக்கொண்டு போனார். "இங்க வா எண்டுதான் சொல்றாங்க. பொம்பளையக் கூப்பிட அதுதான் சொல்லு. அழாத" என்றார். பிறகு சமையலறையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். "வீட்டு ஐயாவ பாபா எண்டு கூப்பிடணும். அம்மாவ மாமா எண்டு கூப்பிடணும்."

"பொம்பளைய போய் மாமான்றதா?" என்று கேட்டேன்.

"அவங்கட பாஷையில மாமா எண்டா அம்மா. எல்லா வீட்டிலயும் வேலைக்காரர் அப்படித்தான் கூப்பிடுறது. நீ பெயர் சொல்லியா கூப்பிடப் போற?"

எனக்கு முதலில் வாயில் நுழையவில்லை. மாமா என்றால் எனக்கு முனுசாமிதான். மீசை வைத்த முகம் கண்முன்னால் வந்துவிடும். எதிரே பார்த்தால் கறுப்பு அங்கியில் தாட்டியான ஓர் அம்மாள். ஒரு மாதம் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வெறும் "ம்" என்று சொல்லிப் பார்த்தேன். மரியாதை தெரியாதவள் என்று பெயர் வந்தது. பிறகு பழகிவிட்டேன். பழகியதும் அது சொல்லாகவே தெரியவில்லை, மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

கோளாறு எங்கே என்று சென்னைக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்கள் தமிழில் வேண்டியவர்களை 'அது' என்போம். அது வந்துச்சு, அது சாப்ட்டுச்சு. அதில் ஆண் பெண் தெரியாது. வாரம் ஒருமுறை நான் ஊருக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாம் இப்படித்தான் இருந்திருக்கின்றன: "மாமா கூப்புடுது, அப்பறமா பேசறேன்." "மாமா எனக்கு புதுத் துணி எடுத்துக் குடுத்துச்சு." "மாமாக்கு கால் வலி, அமுக்கி வுட்டுட்டு வர்றேன்."

இதையெல்லாம் இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. மாமா என்றால் யார் என்று ஒரு தடவையாவது விளக்கியிருக்க வேண்டும். புஷ்பாவிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

3

சந்தேகம் என் பிறவிக் குணம் இல்லை, மயிலாப்பூரில் கற்றுக்கொண்டது.

கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டில் வேலை செய்தேன். நல்ல மாமி. காபி கொடுப்பார், பழைய வாரப்பத்திரிகைகளை எடுத்துப்போகச் சொல்வார். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "தனம், பையைக் காட்டிட்டுப் போடி. சந்தேகம்லாம் ஒண்ணும் இல்லே, ஆத்துல ஒரு வழக்கம்னு வச்சுண்டா நல்லதோல்லியோ" என்பார். ஆறு வருஷமும் பையை விரித்துக் காட்டினேன். உள்ளே டிபன் டப்பாவும் பத்திரிகையும்தான் இருக்கும். ஒருநாள் பூஜை அறையில் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் காணவில்லை. மாமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கொடுமை. நாலாம் நாள் அவருடைய வீட்டுக்காரர், அந்த மாமா, ஷேவிங் தண்ணீர் வைத்துக்கொண்ட கிண்ணத்தைத் தானே கொண்டுவந்து வைத்தார். மாமி அன்றைக்கு எனக்கு இரண்டு தடவை காபி கொடுத்தார். பையைக் காட்டும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

மஸ்கட்டிலும் அதே வழக்கம் உண்டு. லீவுக்குக் கிளம்பும்போது கட்டிய பெட்டியை வீட்டுக்காரம்மா முன்னால் திறந்து காட்டவேண்டும். அவரும் சிரித்துக்கொண்டேதான் பார்ப்பார். பெட்டி பெரிதாக இருக்கும், வேறு வித்தியாசம் கிடையாது.

முதல் லீவு முடிந்து திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் ஒரு கூத்து நடந்தது. பத்தாவது தேறாதவர்கள் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தால் பெண்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஓர் அதிகாரி, "அங்க யாருகிட்ட வேலை?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "மாமாகிட்ட சார்" என்றேன்.

"எந்த மாமா?"

"வூட்டுக்கார மாமா."

"வீட்டுக்காரர் இறந்துட்டார்னு எழுதியிருக்கு?"

"அது வேற மாமா சார். இது பொம்பள மாமா."

அவர் பேனாவை வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தனியாக உட்காரவைத்து, யார் அனுப்புகிறார்கள், எந்த வீடு, அங்கே ஆண்கள் எத்தனை பேர் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். விமானம் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. இதை மஸ்கட்டில் பிரேமா அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஓர் அதிகாரிக்கு வந்த சந்தேகம் என் மகளுக்கும் வரும் என்று அப்போது உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம், நான் வேறொன்றைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். புஷ்பாவை.

4

பிள்ளையை விட்டுவிட்டு வருகிற எல்லாப் பெண்களுக்கும் ஒரே பயம்தான். இங்கே பூங்காவில் எஜமானர்களின் குழந்தைகளை ஊஞ்சலாட்டிக்கொண்டு நாங்கள் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான். பிள்ளை என்னை மறந்துவிடுமா? வளர்க்கிறவளை அம்மா என்று கூப்பிடுமா?

அந்த முதல் லீவில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புஷ்பாவும் நந்தினியும் உள்ளே பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். "அத்த, தண்ணி குடு." "அத்த, சடை பின்னி வுடு." அத்தை என்றுதான் கூப்பிட்டாள். அப்போதும் எனக்கு நிம்மதி இல்லை. நான் இருக்கும்வரை அத்தை, விமானம் ஏறியதும் அம்மா என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு நடிக்குமா என்று யோசிக்கவில்லை.

இடையில் கூவம் ஓரத்து வீடுகளை எடுத்துவிட்டு எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேலைக்கு வந்துபோகவே பாதி நாள் போகிறது என்று புஷ்பா ஊரூர் குப்பத்தில் ஓர் அறை பிடித்தாள். காலையில் பெசன்ட் நகர், மத்தியானம் அடையாறு என்று ஐந்து வீடுகளில் வேலை. நந்தினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், கல்லூரியில் சேர்த்ததும் அவள்தான். இத்தனை செய்கிறாளே என்று நன்றி வரவேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஒருத்தி சும்மா இவ்வளவு செய்வாளா?

ஆகவே, யாரு அந்த மாமா என்று மெசேஜ் வந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது புஷ்பா. பதினோரு வருஷம் பொறுமையாக இருந்து, பிள்ளை பெரியவளானதும் என்னைக் கெட்டவளாக்கி அவளைத் தன் பக்கம் இழுக்கிறாள். நான் பதில் அனுப்பினேன். "யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுக்கறது? பெத்தவளப் பார்த்துக் கேக்கற கேள்வியாடி இது?"

மாமா என்றால் இந்த ஊரில் அம்மா, அவ்வளவுதான், என்று ஒரே வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். திமிர் விடவில்லை. அதன் பிறகு நந்தினியிடமிருந்து மெசேஜ் வருவது நின்றுவிட்டது. நாலு வாரம் பார்த்தேன். தாங்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அழுது லீவு வாங்கினேன்.

விமான நிலையத்துக்குப் புஷ்பா மட்டும்தான் வந்தாள். "பரீச்ச கீது அதுக்கு" என்றாள். எங்கே பார்க்கிறாள், எப்படிப் பேசுகிறாள் என்று ஆட்டோவில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "இன்னா அண்ணி, புதுசா பாக்கற மாரி பாக்கற?" என்று கேட்டாள்.

நந்தினி என் தோள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தாள். பேசினாள், ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பேசினாள். "சாப்பாடு வெக்கட்டா." "சார்ஜர் அங்க கீது." "எப்போ திரும்பிப் போற." அம்மா என்பது மட்டும் இல்லை. ஐந்து நாள் காத்திருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. புஷ்பாவைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று இருந்தேன். பேயாய்த் திரிந்தேன் என்று சொன்னால்கூடச் சரிதான்.

5

ஆறாம் நாள் தி.நகர் போனோம். நந்தினிக்கு நாலு சுடிதார் எடுத்துத்தரலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போய் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் ஏறினோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் கடை. "உள்ள வாங்கக்கா, புது மாடல்லாம் நேத்துதான் வந்துச்சு" என்று விற்பனைப் பெண் துணிகளைப் பிரித்துப் போட்டாள். நந்தினி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தள்ளிவைத்தாள்.

அப்போது என் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பு. கை பழக்கம், எடுத்துவிட்டேன். வாய் பழக்கம், அந்தச் சத்தத்தில் கேட்கவேண்டுமே என்று, "மாமா! மாமா! எப்படி கீற மாமா?" என்று தமிழும் அரபியுமாகக் கத்திவிட்டேன்.

விற்பனைப் பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சிரித்தாள். புஷ்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பாவாடையை உற்றுப் பார்த்தாள். நந்தினி மட்டும் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

திரையில் வீட்டுக்காரம்மா. தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. ஊறுகாய் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். நந்தினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ வாழ்த்தினார்.

"இதுதான் மாமாவா?" என்று நந்தினி கேட்டாள்.

"இதேதான். வேற யாருன்னு நெனச்ச? அங்க எல்லாரும் அப்படித்தான் கூப்புடறது."

புஷ்பா திரும்பிப் பார்த்தாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. துணிக்குவியல் மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அய்யோ அண்ணி, இந்தக் கெழவியா? நா இத்தினி வருசமா யாரோ ஒருத்தன் கீறான்னே நெனச்சிக்கினு இருந்தேன்."

"நீயுமா? ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"இன்னாத்த கேக்கறது? சின்ன வயசுல தாலி அறுத்தவ நீ. தெரியாத ஊரு. ஒருத்தன் தொணைக்கு கீறான்னா இருந்துட்டுப் போவட்டும், எங்கண்ணன் வந்து கேக்கவா போறான்னு வுட்டுட்டேன். புள்ள கேட்டப்போகூட, அதெல்லாம் கேக்காத, அது உங்கம்மா சமாச்சாரம்னு அடக்கி வெச்சேன்."

துணி பிரித்துப்போடும் அந்த மெத்தையில் அப்படியே உட்கார்ந்தேன். இவளைப்போய் நான் என்னென்ன நினைத்துவிட்டேன்! அவமானமாக இருந்தது, ஆனால் ஒரு சுமை இறங்கிய நிம்மதியும் இருந்தது. போனில் வந்த அழைப்பு இதற்குள் துண்டாகிவிட்டது. விஷயம் தெளிந்துவிட்டது, இனி பிள்ளை சிரிப்பாள் என்று நந்தினியைப் பார்த்தேன். சந்தோஷத்தில் இன்னும் ஒரு விளக்கமும் கொடுத்தேன்.

"மாமான்னா அங்க அம்மான்னு அர்த்தம்டி. அம்மா. அவ்ளோதான்."

நந்தினி கையிலிருந்த சுடிதாரை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள்.

"அம்மாவா?"

"ஆமா."

"அப்போ பதினோரு வருசமா அந்தம்மாவ நீ அம்மான்னா கூப்டுக்கினு கீற?"

"வேலைக்குக் கூப்புடறதுதான்டி, அது..."

"எத்தினி தடவ இருக்கும் ஒரு நாளைக்கு?"

விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அந்தச் சொல்தானே.

"ஸ்கூல்ல மீட்டிங்குனா அத்ததான் வரும்" என்றாள் நந்தினி. குரலை உயர்த்தவில்லை. "மிஸ்ஸு, உங்கம்மாவான்னு கேக்கும். இல்ல மிஸ், எங்கத்த, எங்கம்மா மஸ்கட்ல கீதுன்னு சொல்லுவேன். ஒவ்வொரு வருசமும் சொல்லுவேன். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நர்ஸு, அம்மாவ வரச்சொல்லுன்னா கூட, அம்மா இல்ல, அத்தன்னு சொன்னேன். அத்தைக்கு எத்தினியோ வாட்டி மூஞ்சி சின்னதாப் போயிருக்கு. எனக்குத் தெரியும். ஆனாலும் கூப்புடல. நீ வந்து கேட்டா அழுவன்னு, உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். நீ இன்னாடான்னா அங்க தெனம் ஒருத்திக்கு அதக் குடுத்துக்கினு இருந்திருக்க."

புஷ்பா, "ஏய், சும்மா இரு" என்றாள்.

"ஒருத்தன வெச்சிக்கினு இருந்திருந்தாக்கூட பரவால்ல" என்றாள் நந்தினி.

விற்பனைப் பெண் துணிகளை மெதுவாக மடித்து எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். எங்களுக்கு எதுவும் எடுக்கத் தோன்றவில்லை. படியில் இறங்கும்போது முன்னால் நந்தினி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு புஷ்பா, பின்னால் நான். மிச்சமிருந்த ஒன்பது நாளும் அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. கோபமாகவும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், பெட்டி கட்ட உதவினாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

6

திரும்பி வந்த முதல் காலை, டீ எடுத்துக்கொண்டு போய், "மேடம், டீ" என்றேன்.

வீட்டுக்காரம்மா கோப்பையை வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான் புஷ்பாவை நினைத்துக்கொண்டு மகளைக் கேட்ட அதே கேள்வி. ஊரில் யாரோ என் மனதைக் கலைத்துவிட்டார்கள், வேறு வீட்டுக்கு ஓடப்போகிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பாபாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். வாங்கி வைத்திருக்கும் என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சரிபார்த்துக்கொள்வது சமையலறைவரை கேட்டது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். என் மகளுக்கு அது பிடிக்கவில்லை, அம்மா என்பது அவள் எனக்குக் கொடுக்கிற பெயர், அதை நான் வேறொருவருக்குக் கொடுத்ததில் அவளுக்கு வருத்தம் என்றேன். கெட்டவர் இல்லை அவர். எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவருடைய மூன்று பிள்ளைகளும் கல்யாணமாகிப் போனபின், நாளெல்லாம் அவரை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

"அப்படியென்றால் இத்தனை வருஷம் பொய்யாகவா கூப்பிட்டாய்?" என்று கேட்டார்.

பொய் இல்லை என்றால் வேலைக்குத்தான் என்று நந்தினியிடம் நான் சொன்னது பொய். பொய்தான் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவளின் மூஞ்சியில் அடித்ததாகும். "வேலைக்காகக் கூப்பிட்டேன், மேடம்" என்றேன். தலையை ஆட்டினார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அதுவரை என் கையில் இருந்த அலமாரிச் சாவிகள் அன்றிலிருந்து அவருடைய தலையணைக்கு அடியில் இருக்கின்றன. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னை அவர் வேலைக்காரியாகப் பார்க்கிறார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மறைக்கமாட்டேன்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் நந்தினிக்கு மெசேஜ் அனுப்பினேன். மேடம் வெளியே போயிருக்காங்க, மேடம் கூப்புடறாங்க என்று, அந்தச் சொல்லை அவள் கவனிக்கட்டும் என்றே இரண்டு தடவை கூடுதலாகச் சேர்த்துப் பேசினேன். கேட்டாள் என்பதற்கு நீலக் குறி விழும். பதில் "சரி" என்று வரும். சில வாரம் அதுவும் வராது.

போன வெள்ளிக்கிழமை ஒரு மெசேஜ் வந்தது. பின்னால் குப்பத்துக் கடல் இரைச்சல்.

"அம்மா. அத்தைக்கு ரத்தம் கம்மியா கீதுன்னு டாக்டரு சொல்லிச்சு. பேரீச்சம்பழம் நெறய சாப்புடணுமாம். அந்த ஊர்ல நல்லதா கெடைக்கும்ல? யாராவது வந்தா குடுத்து அனுப்பு."

எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். முதல் தடவையிலேயே என் புத்தி வேலையைக் காட்டிவிட்டது. இவளுக்குக் காரியம் ஆகவேண்டும், அதனால் அம்மா என்கிறாள், அதுவும் அத்தைக்காக. கொஞ்சநேரம் அந்தப் போனையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் வேறு எதற்குத்தான் அம்மா என்று கூப்பிடுகின்றன?

"அனுப்பறேன்மா" என்று பேசி அனுப்பிவிட்டு, மேடத்திடம் கடைக்குப் போக அனுமதி கேட்கப் போனேன்.